டைரனிட் படைக்குப் பழுப்பும் ஆரஞ்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்ஹாமர் 40,000 என்பது சின்னச் சின்ன மாடல்களுக்கு நிறம் பூசி, அவற்றைப் படையாக வைத்து மேசையில் ஆடும் போர் விளையாட்டு. அதில் வரும் டைரனிட்கள் பூச்சியின் ஓடும் நகமும் கொண்ட வேற்றுலக உயிரினங்கள். அவற்றின் அதிகாரபூர்வக் கூட்டங்களில் லெவியத்தான் எலும்பு நிறமும் ஊதாவும், பெஹெமத் சிவப்பும் நீலமும், கிராக்கன் எலும்பு நிறமும் சிவப்பும். இவற்றை விட்டு, நிஜப் பூச்சியைப் போலப் பழுப்பும் ஆரஞ்சுமாகப் படை வேண்டும் என்பவர்கள் நிறைய. அவர்களிடமிருந்து மீண்டும் மீண்டும் வரும் சந்தேகங்களுக்கான பதில்கள் இவை. பெயின்ட் பெயர்கள் பெரும்பாலும் இந்த விளையாட்டின் தயாரிப்பாளரான கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சிட்டாடல் வரிசையில் இருந்து எடுத்தவை. வேறு பிராண்டு வைத்திருப்பவர்கள் 12ஆம் கேள்வியைப் பாருங்கள்.

1. பழுப்பும் ஆரஞ்சும் பக்கத்துப் பக்கத்து நிறம்தானே? ஒரே மாடல்ல ரெண்டையும் வெச்சா கலந்து போயிடாதா?

கவனிக்காவிட்டால் கலந்துதான் போகும். பழுப்பு என்பதே வெளிச்சம் குறைந்த ஆரஞ்சு. ஓர் ஆரஞ்சை இருட்டாக்கி, அதைவிடப் பிரகாசமான ஏதாவது ஒன்றைச் சுற்றிலும் வைத்தால் கண் அதைப் பழுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் நிறமே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். இங்கே அந்த உதவி கிடையாது. அடர்த்திக்கும் வெளிர்ப்புக்கும் உள்ள இடைவெளி மட்டுமே இரண்டையும் பிரிக்கும்.

அதனால் கடையில் பாட்டிலை எடுக்கும்போது "இது அழகான பழுப்பா?" என்று பார்ப்பதற்கு முன்னால் "இது என் ஆரஞ்சைவிட எவ்வளவு இருட்டு?" என்று பாருங்கள். ஒரு வெள்ளை அட்டையில் இரண்டையும் ஒட்டினாற்போல் பூசி, காய்ந்ததும் போனில் கருப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரிந்தால், மேசையில் மூன்றடி தள்ளி நின்று பார்க்கும்போது மாடல் ஒரே பழுப்புக் கட்டியாகத்தான் தெரியும். ஒன்று கரும்சாம்பல், மற்றொன்று நடுச்சாம்பல் என்று வந்தால் அந்த ஜோடியை வாங்கலாம்.

2. ஓடு பழுப்பா, உடம்பு ஆரஞ்சா? இல்ல மாத்திப் போடணுமா?

ஓடு அடர்பழுப்பு, உடம்பு வெளிர் என்பதுதான் எங்கள் பரிந்துரை. கரப்பான் பூச்சி தோல் உரித்து வெளியே வரும்போது வெள்ளையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில மணி நேரத்தில் அதன் ஓடு இறுகும், அதோடு கூடவே பழுப்பும் ஆகும். இறுக்கமும் கருமையும் அங்கே ஒரே வேதிமாற்றத்தின் இரண்டு முகங்கள். அதனால் கெட்டியான இடம் இருட்டாகவும், மூட்டு, கழுத்து, வயிறு போன்ற மெத்தென்ற இடங்கள் வெளிராகவும் இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் "இது உயிருள்ள பூச்சி" என்று பட்டுவிடும்.

இதை இரண்டு விதமாகச் செய்யலாம். அ முறை: அடர்பழுப்பு ஓடு, முழு ஆரஞ்சு உடம்பு, எலும்பு நிற நகங்கள். தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும், ஆனால் ஆரஞ்சு நிறைய இடத்தில் சீராகப் பிடிக்க வேண்டும். ஆ முறை: அடர்பழுப்பு ஓடு, எலும்பு நிற உடம்பு, ஓட்டின் விளிம்பிலும் மூட்டுகளிலும் மூச்சுத்துளைகளிலும் நாக்கிலும் மட்டும் ஆரஞ்சு. முதன்முதலாகப் படை பூசுபவர்களுக்கு ஆ முறைதான் நல்லது. ஆரஞ்சு குறைவாக இருக்கும்போது இன்னும் பிரகாசமாகத் தெரியும், கோட் எண்ணிக்கையும் குறையும்.

ஆரஞ்சு ஓடு, பழுப்பு உடம்பு என்று தலைகீழாகவும் போடலாம். குளவி மாதிரி நன்றாகவே இருக்கும். ஆனால் டெர்மகான்ட், ஹார்மகான்ட் போன்ற சின்ன மாடல்களில் (சுருக்கமாகக் காண்ட்கள்) உடம்பின் தசைக்கோடுகள் இருட்டில் காணாமல் போகும். அவற்றை மீட்க ஹைலைட் வேலை, அதாவது மேடுகளை வெளிராக்கும் வேலை, இரட்டிப்பாகும்.

3. ஆரம்பிக்க எத்தனை பாட்டில் வேணும்? பட்ஜெட் கம்மி.

ஏழு போதும். ஆ முறைக்கு: ரைனாக்ஸ் ஹைட், மோர்ன்ஃபாங் பிரவுன், ஸ்க்ராக் பிரவுன், ட்ரோல் ஸ்லேயர் ஆரஞ்சு, ஸாண்ட்ரி டஸ்ட், உஷப்தி போன், வாஷாக (பள்ளங்களில் ஓடி நிழல் தரும் நீர்த்த பெயின்ட்) அக்ராக்ஸ் எர்த்ஷேட். அ முறை என்றால் ஸ்க்ராக் பிரவுனுக்கும் ஸாண்ட்ரி டஸ்டுக்கும் பதிலாக ஜொகேரோ ஆரஞ்சும் ஃபயர் டிராகன் பிரைட்டும் வாங்குங்கள், வாஷை ரைக்லேண்ட் ஃப்ளெஷ்ஷேடாக மாற்றுங்கள்.

சிட்டாடலில் பேஸ் (அடிநிறம்), லேயர் (மேல்நிறம்) பாட்டில்கள் 12 மி.லி., வாஷும் கான்ட்ராஸ்டும் (ஒரே கோட்டில் நிறமும் நிழலும் தருவது) 18 மி.லி. பெரிய படைக்கு முதலில் தீர்வது ஓட்டின் அடிநிறமும் வாஷும்தான். அந்த இரண்டை மட்டும் கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள்.

4. கடையில இருபது பழுப்பு இருக்கு. எல்லாம் ஒண்ணுதான்னு தோணுது. எதைப் பாத்து எடுக்கணும்?

மூடியைப் பார்த்தால் ஒன்றாகத்தான் தோன்றும். மெல்லிசாகக் கரைத்து வெள்ளை அட்டையில் இழுத்தால் குடும்பம் தெரிந்துவிடும். சில பழுப்புகள் சிவப்பை நோக்கிச் சாயும்: டூம்புல் பிரவுன், மோர்ன்ஃபாங் பிரவுன். சில மஞ்சளை நோக்கி: எக்ஸ்வி-88, பேலர் பிரவுன். சில சாம்பலையோ பச்சையையோ நோக்கி: டிரையட் பார்க், ஸ்டீல் லீஜன் டிராப்.

ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைக்கச் சிவப்புச் சாயல் உள்ளவைதான் எளிது. ரைனாக்ஸ் ஹைட்டில் தொடங்கி மோர்ன்ஃபாங், ஸ்க்ராக் என்று ஏறினால் அடுத்த படி தானாகவே ட்ரோல் ஸ்லேயர் ஆரஞ்சு. இடையில் எங்கும் தாவல் தெரியாது. மஞ்சள் சாயல் பழுப்பை ஓட்டுக்குப் போட்டால் ஆரஞ்சு அழுக்கான சிவப்பாகத் தோன்ற ஆரம்பிக்கும். சாம்பல் சாயல் உள்ளது வேறு மாதிரி: டிரையட் பார்க் பக்கத்தில் ஆரஞ்சு எரிகிற மாதிரி தெரியும், ஆனால் இரண்டுக்கும் இடையில் மென்மையான ஏற்றம் கிடைக்காது. ஓட்டையும் ஆரஞ்சையும் கூர்மையான எல்லையோடு பிரிக்கப் போகிறீர்கள் என்றால் டிரையட் பார்க். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிப் போக வேண்டும் என்றால் ரைனாக்ஸ்.

5. ஆரஞ்சு நாலு கோட் அடிச்சும் கீழ இருக்கறது தெரியுது. பெயின்ட் போலியா?

போலி இல்லை. பழுப்புகளில் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமி இருக்கும், அது கீழே உள்ளதை நன்றாக மறைக்கும். பளிச்சென்ற ஆரஞ்சுகளும் மஞ்சள்களும் பெரும்பாலும் கரிமச் சேர்ம நிறமிகள். பிரகாசம் அதிகம், மறைக்கும் சக்தி குறைவு. கருப்பின் மேல் ட்ரோல் ஸ்லேயர் ஆரஞ்சைப் பூசினால் ஆறு கோட்டுக்குப் பிறகும் அது சோர்ந்துதான் இருக்கும்.

ஆரஞ்சுக்குக் கீழே என்ன நிறம் என்பதுதான் வழி. மறைக்கும் சக்தி உள்ள ஒரு பேஸ் நிறத்தை முதலில் போடுங்கள். ஜொகேரோ ஆரஞ்சு அதற்காகவே உள்ளது: இரண்டு மெல்லிய கோட்டில் பிடித்துவிடும், கொஞ்சம் செங்கல் சாயல் இருக்கும், அதன் மேல் ட்ரோல் ஸ்லேயர் ஒரே கோட்டில் ஏறும். அது இல்லாவிட்டால் அவெர்லேண்ட் சன்செட் போன்ற அடர்மஞ்சளை அடியில் போடுங்கள், ஆரஞ்சு சூடாகவும் வெளிராகவும் வரும். வெளிர் இளஞ்சிவப்பை அடியில் போட்டால் பழுத்த, சதைப்பிடிப்பான ஆரஞ்சு கிடைக்கும். நாக்குக்கும் வயிற்றுப் பைகளுக்கும் இது மிகப் பொருத்தம்.

ஒவ்வொரு கோட்டும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அரைகுறையாகக் காய்ந்த ஆரஞ்சின் மேல் மறுபடி பிரஷை இழுத்தால் அடிக்கோட்டே உரிந்து வரும், அந்த இடம் வழுக்கையாக நிற்கும்.

6. பிரைமர் கருப்பா, வெள்ளையா, பழுப்பா?

பிரைமர் என்பது எல்லா நிறத்துக்கும் முன்னால் பூசும் அடிப்பூச்சு. அ முறைக்கு ரெய்த்போன் போன்ற சூடான வெளிர் ஸ்ப்ரே. ஆ முறைக்கும் அதேதான், அல்லது ஸாண்ட்ரி டஸ்ட் ஸ்ப்ரே கிடைத்தால் உடம்பின் அடிநிறமும் ஒரே வேலையில் முடிந்துவிடும். ஓடு எப்படியும் ரைனாக்ஸ் ஹைட்டால் மூடப்படும், அது எதன் மேலும் பிடிக்கும். கருப்புப் பிரைமரை இந்த நிறங்களுக்கு நாங்கள் சொல்வதே இல்லை. காரணம் 5ஆம் பதிலில் உள்ளது.

வெயில் நேரத்தில் ஸ்ப்ரே அடித்தால் துளிகள் மாடலைத் தொடுமுன்பே காய்ந்து, மேற்பரப்பு மணல்தாள் போல ஆகும். காலையில், காற்று இல்லாத நிழலில், 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், சிறு சிறு வீச்சாக அடியுங்கள். கேனைக் குறைந்தது ஒரு நிமிடம் குலுக்குங்கள். ஈரப்பதம் அதிகமாக இருக்கும் மழை நாளில் ஸ்ப்ரேயையே தொட வேண்டாம், பிரஷால் பூசும் பிரைமர் எடுங்கள்.

7. எல்லாரும் அக்ராக்ஸ் எர்த்ஷேட்னு சொல்றாங்க. நான் ஆரஞ்சு மேல ஊத்தினேன், சேறு மாதிரி ஆயிடுச்சு. ஏன்?

அக்ராக்ஸ் ஒரு மந்தமான பழுப்பு வாஷ். எலும்பு நிறத்தின் மேலும் பழுப்பின் மேலும் அருமையாக வேலை செய்யும். ஆரஞ்சின் மேல் அது பள்ளத்தில் மட்டும் நிற்காமல் மேட்டிலும் ஒரு படலம் விட்டு, ஆரஞ்சின் பளிச்சை அணைத்துவிடும். ஆரஞ்சு உடம்புக்கு ரைக்லேண்ட் ஃப்ளெஷ்ஷேட் போடுங்கள். அது செம்பழுப்பு, பள்ளத்தை இருட்டாக்கும்போதே மேட்டைச் சூடாக வைத்திருக்கும். இன்னும் ஆழம் வேண்டுமானால் ரைக்லேண்ட் காய்ந்த பிறகு மூட்டுக் குழிகளில் மட்டும் அக்ராக்ஸை நுனிப் பிரஷால் விடுங்கள்.

வழவழப்பான ஓட்டின் மேல் வாஷ் எதுவாக இருந்தாலும் இன்னொரு தொல்லை: காய்ந்ததும் ஓரத்தில் வளையம் வளையமாகக் கறை நிற்கும். துளியின் ஓரம் முதலில் காயும், உள்ளே உள்ள ஈரம் நிறமியை அங்கே தள்ளிக்கொண்டு போகும். அதனால் ஓட்டு முழுதும் ஊற்றாதீர்கள். வாஷும் லாமியன் மீடியமும் (பெயின்டை நீர்க்கச் செய்யும் நிறமில்லாத திரவம்) சம அளவு கலந்து, ஓட்டுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் மட்டும் கோடாக இழுங்கள். தேங்குகிற இடத்தில் உலர்ந்த பிரஷ் நுனியை வைத்தால் அது உறிஞ்சிக்கொள்ளும். அரை நிமிடத்துக்குள் செய்ய வேண்டிய வேலை இது, பாதி காய்ந்த வாஷைத் தொட்டால் கிழியும்.

8. அறுபது காண்ட் இருக்கு. கான்ட்ராஸ்ட் மட்டும் வெச்சு முடிக்க முடியுமா?

முடியும். ரெய்த்போன் பிரைமர், உடம்பு முழுதும் கிரிஃப்-ஹவுண்ட் ஆரஞ்சு, காய்ந்ததும் ஓட்டுக்கு வைல்ட்வுட் அல்லது இன்னும் இருட்டான சைகோர் பிரவுன், நகத்துக்கு ஸ்கெலிட்டன் ஹோர்ட். ஸ்னேக்பைட் லெதரை ஓட்டுக்கு எடுக்காதீர்கள். தனியாக அழகான நிறம், ஆனால் அதன் வெளிர்ப்பு கிரிஃப்-ஹவுண்டுக்கு மிக அருகில் இருப்பதால் 1ஆம் பதிலில் சொன்ன கட்டி இங்கேயும் வரும்.

பத்துப் பத்தாக எடுங்கள். முதல் மாடலுக்கு உடம்பு பூசி முடித்து பத்தாவதுக்கு வருவதற்குள் முதலாவது தொடுமளவு காய்ந்திருக்கும், ஆனால் ஓட்டு நிறத்தைத் தொடங்க இன்னும் அரை மணி நேரமாவது விடுங்கள். ஈரம் இருந்தால் பழுப்பு, ஆரஞ்சுக்குள் ஊர்ந்துவிடும். அப்படி ஊர்ந்த இடத்தை ஆரஞ்சால் மூட முடியாது. அங்கே ரெய்த்போன் பேஸ் பெயின்டை இரண்டு கோட் வைத்து, அதன் மேல் மறுபடி கிரிஃப்-ஹவுண்ட் வைக்க வேண்டும்.

கான்ட்ராஸ்ட் பூசிய மாடலை வார்னிஷ் இல்லாமல் கையில் எடுத்து விளையாடினால் நக நுனியிலும் ஓட்டு முகட்டிலும் தேய்ந்து வெள்ளை தெரியும். இந்த வழியில் வார்னிஷ் கட்டாயம் (14ஆம் கேள்வி).

9. ஓட்டு மேல அந்தக் கோடு கோடா, நுனிக்கு வர வர ஆரஞ்சா மாறுறது எப்படிப் பண்றாங்க?

இந்தப் படையின் உயிர் இந்த ஓட்டில்தான் இருக்கிறது, எனவே கொஞ்சம் விரிவாக. ஹைவ் டைரண்ட் என்ற பெரிய மாடலின் தோள்பட்டைத் தகட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் ரைனாக்ஸ் ஹைட் இரண்டு கோட். காய்ந்ததும் மோர்ன்ஃபாங் பிரவுனைத் தண்ணீரில் ஒன்றுக்கு ஒன்று கரைத்து, நல்ல நுனியுள்ள 1ஆம் எண் பிரஷில் எடுத்து, துணியில் ஒருமுறை தொட்டு அதிக ஈரத்தை எடுங்கள். தகட்டின் நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கி இழுத்து, விளிம்பில் பிரஷைத் தூக்குங்கள். பிரஷ் எந்த இடத்தில் விலகுகிறதோ அங்கேதான் நிறமி அதிகம் படியும். விளிம்பிலிருந்து உள்ளே இழுத்தால் கருமை இருக்க வேண்டிய இடத்தில் வெளிர்ப்பு வந்து நிற்கும்.

கோடுகள் சமமாக இருக்கக் கூடாது. ஒன்று நீளம், இரண்டு குட்டை, சில இடத்தில் இடைவெளி. தகட்டின் மூன்றில் இரண்டு பங்குக்கு மோர்ன்ஃபாங் கோடுகள் வந்ததும், விளிம்புப் பக்கத்து மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்க்ராக் பிரவுன், பழைய கோடுகளுக்கு இடையில். கடைசி 1 அல்லது 2 மி.மீ.க்கு ட்ரோல் ஸ்லேயர் ஆரஞ்சு. விளிம்பின் கூர்மையில் மட்டும் பிரஷின் பக்கவாட்டை வைத்து அதே ஆரஞ்சில் ஒரு கோடு.

இந்த நிலையில் கோடுகள் கீறலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ஸ்க்ராக் ஒரு பங்கு, மீடியம் நான்கு பங்கு கலந்து, விளிம்புப் பாதியின் மேல் ஒரே ஒரு மெல்லிய படலம் இழுத்தால் எல்லாம் ஒரே ஓட்டுக்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் கீறலாகத் தெரிந்தால் கோடு இழுத்த பெயின்ட் கெட்டியாக இருந்தது என்று பொருள். அடுத்த தகட்டுக்கு இன்னும் கால் பங்கு தண்ணீர் சேருங்கள்.

காண்ட்களுக்கு இவ்வளவும் வேண்டாம். ரைனாக்ஸ், விளிம்பில் ஐந்தாறு ஸ்க்ராக் கோடுகள், நுனியில் ஆரஞ்சுப் புள்ளி. போதும்.

10. ஹைலைட்டுக்கு வெள்ளை கலந்தேன். ஆரஞ்சு பீச் கலரா ஆகுது, பழுப்பு சாக்லேட் பால் மாதிரி ஆகுது. என்ன பண்ணணும்?

வெள்ளை கலந்தால் நிறம் வெளிராகும்போதே குளிர்ந்து, அதன் வீரியமும் குறையும். ஆரஞ்சை மஞ்சளால் ஏற்றுங்கள்: ட்ரோல் ஸ்லேயர், பிறகு ஃபயர் டிராகன் பிரைட், கடைசிப் புள்ளிக்கு மட்டும் அதனோடு கொஞ்சம் உஷப்தி போன். பழுப்பை ஆரஞ்சாலோ காவியாலோ ஏற்றுங்கள். 9ஆம் பதிலில் ஓடு அப்படித்தான் ஏறியது.

டிரை பிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது) பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கரடுமுரடான தசைக்கும் ரிப்பர் என்ற குட்டி டைரனிட் கூட்டங்களுக்கும் அது சரி. வழவழப்பான ஓட்டில் டிரை பிரஷ் சுண்ணாம்புத் தூள் படிந்த மாதிரி ஆகும், பிறகு எந்த வாஷும் அதைச் சரியாக மறைக்காது.

11. நிழலுக்குக் கருப்பு கலக்கலாமா?

ஆரஞ்சில் வேண்டாம். ஆரஞ்சுக்குள் இருக்கும் மஞ்சள், கருப்போடு சேர்ந்தால் பாசிப் பச்சைப் பக்கம் போகும். உடம்பு அழுகின மாதிரி தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆரஞ்சின் நிழலுக்கு டூம்புல் பிரவுன் போன்ற செம்பழுப்பை மூன்றுக்கு ஒன்று கலந்து பாருங்கள். ஆழமான குழிக்கு ரைனாக்ஸ் ஹைட்டையே மெல்லிசாக.

பழுப்பின் நிழலுக்குக் கருப்பு தவறில்லை, ஆனால் நகரோத் நைட் போன்ற அடர்ஊதாவை ரைனாக்ஸோடு சமமாகக் கலந்தால் கருப்பைவிட உயிருள்ள நிழல் கிடைக்கும். ஊதாவாகக் கண்ணில் படாது. ஆரஞ்சு மட்டும் பக்கத்தில் இன்னும் சூடாகத் தோன்றும்.

12. சிட்டாடல் கிடைக்கல. வயெஹோ மட்டும் இருக்கு. எதுக்கு எது?

வயெஹோ கேம் கலரில் நெருக்கமானவை: ரைனாக்ஸ் ஹைட்டுக்கு 72.045 சார்ட் பிரவுன், மோர்ன்ஃபாங்குக்கு 72.043 பீஸ்டி பிரவுன், டூம்புலுக்கு 72.044 டார்க் ஃப்ளெஷ்டோன், ட்ரோல் ஸ்லேயருக்கு 72.008 ஆரஞ்சு ஃபயர், உஷப்தி போனுக்கு 72.034 போன்வைட். மாடல் கலர் வரிசையில் 70.981 ஆரஞ்சு பிரவுன் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ராக் செய்யும் இடைநிலை வேலையை அது செய்யும். இவை அச்சு அசல் அல்ல. ஒரு படைக்குள் பாதியில் பிராண்டு மாற்றினால் புதியவை தனியாகத் தெரியும், அதனால் ஓட்டின் அடிநிறத்தை மட்டுமாவது கடைசி வரை ஒரே பாட்டில் பெயரில் வையுங்கள்.

டிராப்பர் பாட்டிலில் நிறமி அடியில் தங்கும். குலுக்காமல் சொட்டினால் முதலில் வருவது வெறும் மீடியம். "வயெஹோ ஆரஞ்சு மறைக்கவே இல்லை" என்ற புகாரில் பாதி இதுதான். உள்ளே இரண்டு துருப்பிடிக்காத எஃகுக் குண்டுகளைப் போட்டு, ஒரு நிமிடம் குலுக்குங்கள்.

13. பழுப்பு வாங்காம, ஆரஞ்சிலிருந்தே கலந்துக்க முடியுமா?

முடியும், பலனும் அழகு. ஆரஞ்சின் எதிர்நிறம் நீலம். ஆரஞ்சு மூன்று சொட்டில் அல்ட்ராமரின் நீலம் கால் சொட்டு சேர்த்துக் கலக்குங்கள், பிறகு இன்னொரு கால், இன்னொரு கால். செங்கல், பிறகு தோல், பிறகு அடர்பழுப்பு என்று வரிசையாக இறங்கும். ஒரே ஆரஞ்சில் பிறந்த பழுப்பு என்பதால் இரண்டும் இயல்பாகவே சேர்ந்து நிற்கும். தாலோ வகை நீலம் வேண்டாம். அது மிக வீரியமானது, பச்சைச் சாயலும் கொண்டது, ஒரு சொட்டில் கலவையே கைமீறிப் போகும்.

ஹைவ் டைரண்ட், கார்னிஃபெக்ஸ் போன்ற ஒரு பெரிய மாடலுக்கு இப்படிக் கலக்கலாம். படை முழுதுக்கும் என்றால் காலி டிராப்பர் பாட்டிலில் மொத்தமாகக் கலந்து வைக்க வேண்டும். பேலட்டில் கலந்த பழுப்பை அடுத்த வாரம் அதே மாதிரி மறுபடி கலப்பது நடக்காத காரியம்.

14. வார்னிஷ் அடிச்சதும் ஓட்டோட ஆழமே போயிடுச்சு. எதனால?

மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் பரப்பு வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும், அதனால் இருட்டு நிறங்கள் ஒரு படி வெளுத்துத் தெரியும். ரைனாக்ஸ் ஹைட் போன்றவற்றில்தான் இழப்பு அதிகம். ஆரஞ்சில் அவ்வளவு தெரியாது. ஆக, இருட்டுக்கும் வெளிர்ப்புக்கும் நடுவே நீங்கள் உழைத்துச் சேர்த்த அந்த இடைவெளியே சுருங்குகிறது. மேட் வார்னிஷ் முழுதாகக் காய்ந்த பிறகு, ஓட்டுக்கு மட்டும் பிரஷால் சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷ் ஒரு கோட் பூசுங்கள். ஆழம் திரும்பிவிடும், மெழுகு தேய்த்த பூச்சி ஓட்டின் மினுமினுப்பும் வரும். நாக்கு, கண், வயிற்றுப் பைக்கு ஆர்ட்கோட் போன்ற முழுப் பளபளப்பு. உடம்பு மேட்டாகவே இருக்கட்டும்.

ஸ்ப்ரே வார்னிஷ் அடித்துப் பனி படிந்த மாதிரி வெண்மை வந்தால் காரணம் பெரும்பாலும் காற்றின் ஈரம். பளபளப்பு வார்னிஷைப் பிரஷால் ஒரு கோட் பூசினால் பல நேரம் வெண்மை மறையும். 6ஆம் பதிலில் பிரைமருக்குச் சொன்ன நேரக் கட்டுப்பாடு வார்னிஷுக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

15. எல்லாம் சரியாத்தான் பண்ணேன். ஆனா மொத்தமா பாத்தா சலிப்பா, ஒரே சூடா இருக்கு.

குளிர்ந்த நிறம் ஒன்று குறைகிறது. ஆரஞ்சுக்கு எதிரே நீலம் என்பதால் நீலப்பச்சை மிகப் பொருத்தம்: சோடெக் கிரீன், அதன் மேல் டெம்பிள் கார்ட் ப்ளூ. கண்ணிலும், ஆயுதத்தின் நச்சுப் பையிலும் மட்டும் போடுங்கள். மாடலின் பரப்பில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் அது மூன்றாவது முக்கிய நிறமாகிப் போட்டி போடும். ஊதாவையும் வைக்கலாம், ஆனால் எலும்பு நிற உடம்போடு சேர்ந்தால் பார்ப்பவர்களுக்கு லெவியத்தான்தான் நினைவுக்கு வரும்.

பேஸையும், அதாவது மாடல் நிற்கும் தட்டையும், பாருங்கள். மார்ஷன் ஐயர்னெர்த் போன்ற செம்மண் பேஸ் எல்லோரையும் இழுக்கிறது, இந்தப் படைக்கு அது கெடுதல்: ஆரஞ்சுக் கால்கள் ஆரஞ்சு மண்ணில் கரைந்துவிடும். ஆஸ்ட்ரோகிரானைட் போன்ற சாம்பல், அல்லது பனி. விளிம்பு கருப்பு.

16. ராத்திரி பூசும்போது நல்லா இருந்தது, காலைல பாத்தா ஆரஞ்சு கண்ணைக் குத்துது. சரிபண்ண முடியுமா, இல்ல உரிச்சிடணுமா?

மஞ்சள் பல்பின் கீழ் பூசியிருப்பீர்கள். அந்த வெளிச்சத்தில் பழுப்பும் ஆரஞ்சும் இரண்டுமே சூடாகி நெருங்கும், அதை ஈடுகட்ட நீங்களும் அறியாமல் ஆரஞ்சை ஏற்றிக்கொண்டே போவீர்கள். பகல் வெளிச்ச எல்இடி, 5000 கெல்வின் அளவில், நிறம் காட்டும் எண் (CRI) 90க்கு மேல் உள்ளது ஒன்றைப் பூசும் மேசைக்கு வாங்குங்கள்.

உரிக்க வேண்டாம். ஸ்க்ராக் பிரவுன் ஒரு பங்கு, மீடியம் ஆறு பங்கு கலந்து, பிரஷைத் துணியில் துடைத்து, ஆரஞ்சின் மேல் படலமாக இழுங்கள். ஒரு படலத்தில் வித்தியாசம் தெரியாத மாதிரிதான் இருக்கும். இரண்டாவதில் கண்குத்தல் அடங்கும், மூன்றாவதில் போதும் என்று நிறுத்திவிடலாம். ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம் காயவிடுங்கள். எதிர்ப்பிரச்சினைக்கும், அதாவது ஆரஞ்சு செத்துப் போய்ச் சேறாகத் தெரிந்தால், இதே வழிதான்: ட்ரோல் ஸ்லேயரை அதே விகிதத்தில் மேடுகளின் மேல் மட்டும். பள்ளத்தில் ஓடவிட்டால் வாஷ் கொடுத்த நிழலும் சேர்ந்து போகும்.